புரூக்னர் 8: அடாஜியோவில் ஸ்கோரும் ஒலிப்பதிவும் விலகிப் போகின்றன, ஃபைல் கெட்டுவிட்டதா?

கேள்வி

புரூக்னரின் எட்டாம் சிம்பொனிக்குக் கையில் இருப்பது நோவாக் பதிப்பு ஸ்கோர் (எல்லா வாத்தியங்களுக்குமான இசைக்குறிப்பு, 1955). நடத்துநர் செலிபிடாக்கே – மியூனிக் ஃபில்ஹார்மோனிக் பதிவு (1993) அதோடு ஒரு பார் (தாள அளவு) பிசகாமல் போகிறது. பூலேஸ் – வியன்னா ஃபில்ஹார்மோனிக் (1996) முதல் இரண்டு மூவ்மெண்டிலும் (பகுதியிலும்) சரி; மூன்றாவதான அடாஜியோவில் 208ஆம் பார் தாண்டியதும் ஸ்கோரில் இல்லாத ஏதோ வருகிறது, பிறகு பக்கம் பிடிக்கவே முடியவில்லை. கடைசி மூவ்மெண்டான ஃபினாலேயில் இன்னும் மோசம். சிடியை இரண்டு முறை ரிப் செய்தும் (கணினியில் ஃபைலாக எடுத்தும்) அதே கதை. சிடியில் கோளாறா, ரிப்பிலா?

பதில் 1

இரண்டிலும் இல்லை. பூலேஸ் வாசிப்பது ஹாஸ் பதிப்பு (1939). உங்கள் ஸ்கோர் வேறு.

புரூக்னர் 1887இல் முடித்த சிம்பொனியை நடத்துநர் ஹெர்மன் லெவி ஏற்கவில்லை. அதனால் திருத்தி 1890இல் மறுபடி முடித்தார். நோவாக் 1955இல் அந்த 1890 வடிவத்தை அப்படியே அச்சிட்டார். அவருக்கு முன் ராபர்ட் ஹாஸ், 1890ஐ அடிப்படையாக வைத்துக்கொண்டு, புரூக்னர் வெட்டிய சில இடங்களை 1887இலிருந்து எடுத்துத் திரும்பச் சேர்த்திருந்தார். கணக்கு இதுதான்:

அடாஜியோ: நோவாக் 291 பார், ஹாஸ் 301.
ஃபினாலே: நோவாக் 709, ஹாஸ் 747.

அடாஜியோவில் சேர்ந்த 10 பாரும் ஒரே இடம், ஹாஸ் எண்ணில் 209–218. நோவாக் ஸ்கோரில் 208க்குப் பின் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்த 10 பாரும் போகும்வரை விரலை அங்கேயே வைத்திருந்துவிட்டு 209இல் தொடருங்கள். கடைசிவரை ஒட்டி வரும். ஃபினாலேயில் இந்த வித்தை பலிக்காது. 38 பாரும் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அதற்கு ஹாஸ் ஸ்கோரே வேண்டும்.

கேட்டவர்

ஒன்று இடிக்கிறது. பூலேஸ் மொத்தம் 76 நிமிடம், ஒரே சிடி. செலிபிடாக்கே 100 நிமிடத்துக்கும் மேல். பார் அதிகம் உள்ள பதிவு எப்படிக் குறுகியது?

பதில் 2

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கூடுதல் 10 பார் அடாஜியோ வேகத்தில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஃபினாலேயின் 38 பார் ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகம். ஆகப் பதிப்பால் வரும் வித்தியாசம் இரண்டு நிமிடம்தான். மீதி எல்லாம் நடத்துநரின் வேகம். நிமிடக் கணக்கை வைத்துப் பதிப்பைச் சொல்லவே முடியாது.

அட்டையையும் முழுதாக நம்பாதீர்கள். "1890 வடிவம்" என்று போட்டிருந்தால் ஹாஸாகவும் இருக்கலாம், நோவாக்காகவும் இருக்கலாம். பழைய எல்பிகளில் "ஒரிஜினல் வடிவம்" என்று இருந்தால் அது பெரும்பாலும் ஹாஸ், 1887 அல்ல.

காதால் பிரிக்க இந்த வரிசையில் போங்கள். முதல் மூவ்மெண்டின் கடைசி ஒரு நிமிடம்: அடங்கி, தேய்ந்து நின்றால் 1890 வகை, சி மேஜரில் முழங்கி முடிந்தால் 1887. சந்தேகம் இருந்தால் இரண்டாம் மூவ்மெண்டான ஸ்கெர்ட்ஸோவின் நடுப்பகுதி (ட்ரையோ): ஹார்ப் கேட்டால் 1890. இன்னும் உறுதி வேண்டுமென்றால் அடாஜியோ உச்சத்தில் சிம்பலை எண்ணுங்கள், 1887இல் ஆறு அடி, 1890இல் இரண்டே. 1890 வகை என்று தெரிந்த பிறகுதான் அந்த 10 பார் சோதனை.

இன்பால் – ஃபிராங்ஃபர்ட் பதிவும் டின்ட்னரின் பதிவும் 1887. குந்தர் வாண்ட், கராயன்: ஹாஸ். யோகும் (பிந்தைய பதிவுகள்), ஜூலினி: நோவாக்.

பதில் 3

இணையத்தில் ஸ்கோர் தேடப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. இலவசமாகக் கிடைப்பதில் 1892இன் முதல் அச்சும் உண்டு. அது யோசெஃப் ஷால்க்கும் மாக்ஸ் ஃபொன் ஓபர்லைட்னரும் கைவைத்தது: ஃபினாலேயில் 6 பார் வெட்டு, வேறோரிடத்தில் 2 பார் இரட்டிப்பு. அதை வைத்துக்கொண்டு பூலேஸைக் கேட்டால் இப்போதைய குழப்பம் இரண்டு மடங்காகும். க்னாப்பர்ட்ஸ்புஷ் – மியூனிக் (1963) போன்ற சில பதிவுகளுக்குத்தான் அது பொருந்தும்.

ஹாஸ் செய்தது கலப்படம் என்று திட்டுபவர்கள் உண்டு. புரூக்னர் எந்த நாளிலும் அப்படி ஒரு முழு ஸ்கோரை எழுதி வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அடாஜியோவில் அந்த 10 பார் இல்லாமல் கேட்டால் தையல் பிரிந்த இடம் காதுக்குத் தெரிகிறது. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு ஹாஸுக்கு.

ஃபைலின் டேகில் (விவரக் குறிப்பில்) நடத்துநர், ஆண்டு மட்டும் போடாமல் ஆல்பம் பெயரிலேயே "ஹாஸ்" அல்லது "நோவாக்" சேர்த்துவிடுங்கள். பிறகு தேட வேண்டியிருக்காது.

கேட்டவர்

கோடு போட்டுப் பார்த்தாயிற்று, அடாஜியோ ஒட்டிவிட்டது. கடைசியாக ஒன்று: ரிப் செய்த ஃபைலில் முதல் மூவ்மெண்டின் ஆரம்பம் கேட்கவே இல்லை, அடாஜியோவோ சிடியில் இருப்பதைவிடச் சத்தமாக வருகிறது.

பதில் 1

இரண்டும் தனித்தனி விஷயம். ஆரம்பம் வயலின்களின் பியானிஸ்ஸிமோ ட்ரெமோலோ (மிக மெல்லிய, வில் நடுங்கும் வாசிப்பு), மெலிதாகத்தான் இருக்க வேண்டும். அடாஜியோ சத்தமாவது பிளேயரில் ரீப்ளேகெய்ன் (ஒலி அளவைச் சமன்செய்யும் வசதி) "டிராக்" முறையில் இருப்பதால். ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாக ஒரே சராசரிக்கு இழுக்கிறது. அமைதியான மூவ்மெண்ட் தூக்கப்படும், ஃபினாலே அமுக்கப்படும். அதை "ஆல்பம்" முறைக்கு மாற்றுங்கள். நான்கு ஃபைல்களையும் ஒன்றாகத் தேர்ந்து, ஒரே ஆல்பமாக மறுபடி ஸ்கேன் செய்யவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் பழைய எண்ணே நிற்கும்.

பிறகு ஃபினாலேயின் தொடக்கத்தில் வரும் பித்தளை முழக்கத்தைப் போட்டு, காது தாங்குகிற அளவுக்கு ஒலியை வையுங்கள். குமிழைத் தொடாமல் முதல் மூவ்மெண்டுக்குத் திரும்புங்கள். ட்ரெமோலோ அப்போதும் கேட்கவில்லை என்றால் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள்.