நீதி நியாயம் எண்டு திரிஞ்ச போதகர் ஆரையும் கண்டிருக்கிறீங்களா? என்ர கதை 2007

வெள்ளவத்தை பழசு:
ஜூன் 7, கொழும்பு லொட்ஜுகளில தங்கியிருந்த தமிழ்ச் சனத்தைப் பொலிஸ் பஸ்ஸில ஏத்தி வடக்கு கிழக்குக்கு அனுப்பின நாள். இங்க இருக்கிற ஆக்களுக்கு மேல விளக்கத் தேவையில்ல. நான் அப்ப லொட்ஜுக்குப் பக்கத்து வீட்டு மேல்மாடியில ஒரு அறையில வாடைக்கு இருந்தனான், விடியப்புறம் சத்தம் கேட்டு ஜன்னல் சீலைய விலக்கிப் பாத்தா பஸ் நிக்குது, சாரத்தோடயும் நைட்டியோடயும் சனம் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுது, பொலிஸ் நிக்குது. நான் கீழ இறங்கேல்ல.

எட்டு மணி போல கதவைத் தட்டினது ஆரோ. திறந்தா மெதடிஸ்த போதகர், அங்கி ஒண்டும் இல்ல, வேர்த்து ஊறின ஷர்ட், அதில அந்த வெள்ளைக் கொலர், கையில ஒரு சீஆர் கொப்பி, தடிச்ச மட்டை போட்ட கொப்பி. "தம்பி, பக்கத்தில இருந்த ஆக்களின்ர பேர் தெரியுமோ? கூப்பிடுற பேர் எண்டாலும் பரவாயில்ல" எண்டார். நான் "தெரியாது ஐயா" எண்டுட்டன்.

தெரியும். ரெண்டு பேரைத் தெரியும். ஒருத்தர் வெளிநாட்டு அலுவலா வந்து நிண்டவர், தான் வாசிச்சு முடிச்ச வீரகேசரியை ஒவ்வொரு நாளும் மதிலுக்கு மேலால எனக்குத் தாறவர். மற்றது கண் ஒப்பரேஷனுக்கு வந்த ஒரு அம்மா. போதகர் பேனை மூடியைப் பல்லில கடிச்சுக்கொண்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டார், கன நேரம் போல இருந்தது. பிறகு "சரி தம்பி, கதவைப் பூட்டுங்கோ, இண்டைக்கு வெளிய திரியாதேங்கோ" எண்டிட்டு அடுத்த வீட்டுப் படியில ஏறிட்டார். ஏசியிருந்தா எப்பவோ மறந்திருப்பன்.

376 பேர் எண்டு பேப்பரில வந்தது. அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டது, கொஞ்சப் பேர் திரும்பியும் வந்தவை. எனக்கு வீரகேசரி தாறவரும் வரேல்ல, அந்த அம்மாவும் வரேல்ல.

உள்ளதைச் சொல்றன்:
நல்ல மனுசன்தான், நான் இல்லையெண்டேல்ல. ஆனா இந்த ரகத்தில ஒருத்தரிட்ட அகப்பட்ட சபைக்காரனுக்குத்தான் கஷ்டம் தெரியும். எங்கட அம்மாவின்ர அடக்கம், பொறளை கனத்தை மயானம், கொட்டுற மழை, பெட்டியை வச்சுக்கொண்டு நாப்பது நிமிஷம் நிண்டம். ஐயா வாறார் சப்பாத்தெல்லாம் சேறு, மெகசின் சிறையில தமிழ்ப் பெடியள் உண்ணாவிரதம் கிடக்கிறாங்களாம், வாசல்ல மறிச்சுப்போட்டாங்களாம். சரி, அவங்களும் பிள்ளையள்தான். எங்கட அம்மா ஆர்? நாப்பது வருசம் அந்தக் கோயில் பூச்சாடிக்குத் தண்ணி ஊத்தினவ. ஜெபம் நல்லாத்தான் பண்ணினார், அதைக் கேக்க எனக்கு மனம் இருக்கேல்ல. போதகர் போதகரா இருக்கோணும், அவ்வளவுதான்.

கிராண்ட்பாஸ் தங்கச்சி:
அண்ணே உங்க அம்மா விசயம் கவலதான். ஆனா அவரு போகாட்டி அந்தப் பயலுகள யாரு போய்ப் பாக்குறது? நான் அட்டன் பக்கம், பதினாலு வயசுல கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்தவ. 2018 ஒக்டோபர் 24, காலிமுகத்திடல்ல நம்ம பிள்ளைக எல்லாம் கறுப்பு உடுத்தி தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் ஆயிரம் ரூவா கேட்டு நின்னாங்களே, அப்ப அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 500 தான். மேடம் கடைக்கு அனுப்புன நேரத்துல நான் பொய் சொல்லிட்டு அங்க போயிட்டேன். ஒரு பாஸ்டர், அவரும் கறுப்புச் சட்ட, கோஷம் எழுதுன அட்ட ஒண்ண என் கையில குடுத்தாரு. டிவி கெமரா இந்தப் பக்கம் திரும்பவும் நான் அட்டயால மொகத்த மூடிட்டேன், மேடம் பாத்தா வேல போயிரும். அவரு ஒண்ணும் கேக்கல. அட்டய வாங்கிக்கிட்டு எனக்கு முன்னால வந்து நின்னுட்டாரு, பெரிய ஒடம்பு, கெமராவுக்கு அவரு முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும். பேரு கூட கேக்கல. மல்லி வாங்காம வீட்டுக்குப் போயி ஏச்சு வாங்குனது தனிக் கதை.

ஓய்வு கிளாக்கர்:
"போதகர் போதகரா இருக்கோணும்" எண்டு எழுதினவருக்கு. குருநாகல் பிஷப் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவைக் கேள்விப்பட்டிருக்கிறீரோ? ஆங்கிலிக்கன், சிங்களவர், பெரிய இடத்துப் பிள்ளை. சிவில் உரிமைகள் இயக்கத்துக்குத் தலைவரா இருந்தவர். 83 ஜூலை தமிழருக்கு எதிரான கலவரத்துக்குப் பிறகு தன்ர சனத்தைப் பாத்தே நாங்கள் வெக்கப்படவேணும் எண்டு சொன்னவர், அந்த வருசமே ஒக்டோபர் 23 ஆளும் செத்துப்போயிட்டார், 56 வயசு. அவரும் பிரசங்கத்தோட நிண்டிருக்கலாம்தானே.

என்ர அனுபவம் சின்னன், ஒரு பாதர் கோட்டு வாசலில ஒரு தாய்க்குக் குடை பிடிச்சதைக் கண்டனான், அவ்வளவுதான். ஆனா எல்லாரும் இதைக் குறிச்சு வையுங்கோ. ஆளைப் பிடிச்சா எந்தப் பொலிஸ், எத்தினை மணி, வாகன நம்பர், மூண்டையும் உடனே எழுதோணும். கைதுக்கு எழுத்தில துண்டு கேக்கோணும். அடிப்படை உரிமை மனு அரசியலமைப்பின்ர 126ஆம் உறுப்புரையின் கீழ உச்ச நீதிமன்றத்துக்கு, ஒரு மாசத்துக்குள்ள போடோணும், கனபேர் சாத்திரியிட்டப் போய் அந்த மாசத்தை முடிக்கிறவை. அந்த ஒரு மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தா விசாரணை நடக்கிற காலம் கணக்கில வராது, 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. 2007இலயும் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் எண்ட அமைப்பு உடன மனுப் போட்டபடியாத்தான் அடுத்த நாளே தடை வந்தது. போட்டோக் கொப்பி மூண்டு எடுங்கோ, ஒண்டை வீட்டில வைக்காதேங்கோ. தமிழில எழுதலாம், பயப்பிடாதேங்கோ.

வெள்ளவத்தை பழசு:
கிளாக்கர் ஐயா, நன்றி, ஆனா என்ர ஒரு மாசம் முடிஞ்சு கன வருசம். "உள்ளதைச் சொல்றன்" அண்ணை, உங்கட கோவம் விளங்குது, மழையில நிண்டவனுக்குத்தான் தெரியும். நான் கேக்க வந்தது வேற. அந்தப் போதகர் மாற்றலாகிப் போயிட்டார் எண்டு பிறகு கோயில்ல விசாரிச்சப்ப சொன்னவை. அந்தச் சீஆர் கொப்பி, நீல மட்டை, இப்ப ஆரிட்ட இருக்கெண்டு தெரிஞ்சவை இருந்தா சொல்லுங்கோ. ரெண்டு பேர் சேர்க்கக் கிடக்கு.