ஊர் எல்லையில் மறித்த கழிவு லாரி: நீங்கள் நேரில் கண்டது என்ன?

பாலாற்றுக்காரன்

ராணிப்பேட்டைக் குரோமிய மேடு பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். குரோமேட் ஆலையை மூடிச் சுமார் முப்பது வருஷம் ஆகிறது, ரெண்டேகால் லட்சம் டன் கழிவு அங்கேயே கிடக்கிறது, மழை பெய்தால் மஞ்சளாக ஒழுகுகிறது. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. இது வாலாஜா பக்கம் எங்கள் ஏரியில் நடந்தது.

மூன்று வாரமாக ராத்திரியில் யாரோ டிப்பரில் கொண்டுவந்து ஏரி உள்வாயில், வேலிக்கருவை மறைவில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள்தான் முதலில் சொன்னார்கள். இருபது பேர் காவலுக்கு உட்கார்ந்தோம். ஒன்றரை மணிக்கு லைட் போடாமல் லாரி வந்தது. பாதி கொட்டுகிற வரை விட்டுவிட்டு, அப்புறம் சுற்றி வளைத்தோம். சாவியை உருவியது நான்தான்.

டிரைவர் சின்னப் பையன். இருபத்திரண்டு இருக்கும், தர்மபுரிப் பக்கம். பின்கதவுக் கொக்கியைத் தட்டிவிட வெறுங்காலோடு இறங்கியிருக்கிறான். கணுக்கால் வரைக்கும் அந்தச் சேறு, பச்சையும் மஞ்சளுமாக. "சிமெண்ட் வேஸ்ட்டுன்னுதாண்ணா சொன்னாங்க" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "கொஞ்சம் தண்ணி ஊத்துங்கண்ணா, காலு எரியுது" என்றான்.

எங்களில் ஒருவர் சொன்னார்: "எங்க கெணறே எரியுது, அதுக்கு யாருடா தண்ணி ஊத்துறது?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். விடிகிற வரை சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எந்தத் தோல் ஆலையின், எந்த டேனரிக் கழிவு என்று கடைசிவரை ஒப்புக்கொள்ள ஆள் வரவில்லை. எனக்கு இன்றைக்கும் நினைவில் நிற்பது கழிவு இல்லை, அந்தக் கால்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

மேல்மலை

லாரி இல்லை, காயலான் கடை. சொல்லலாமா?

கொடைக்கானல், தெர்மாமீட்டர் கம்பெனி. அப்பா அங்கே வேலை பார்த்தார். நியூயார்க் மாநிலத்தில் ஓடின ஆலையை அங்கே மூடிவிட்டு எண்பதுகளில் இயந்திரத்தோடு மலைக்குத் தூக்கிவந்தார்கள் என்பது பெரியவனான பிறகுதான் எனக்குத் தெரியும். 2001 மார்ச்சில் முஞ்சிக்கல் காயலான் கடையில் உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடி சாக்குச் சாக்காகப் பிடிபட்டது. ஏழு டன்னுக்கு மேல். பாதரசம் ஒட்டின கண்ணாடி, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். நாங்கள் அதற்கு முன்பே அந்த வெள்ளி மணிகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருக்கிறோம். ஒன்றைத் தட்டினால் பத்தாகும், சேர்த்தால் ஒன்றாகும்.

ஊர் திரண்டது, கம்பெனி மூடியது, எல்லாம் செய்தியில் வந்தது. எனக்கு மனசில் நிற்பது 2003. கழிவைப் பீப்பாய்களில் அடைத்து தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள், கிட்டத்தட்ட 290 டன். நம் நாட்டிலிருந்து கழிவு அந்தப் பக்கம் போனது அபூர்வம், அது வெற்றிதான், இல்லை என்று சொல்லவில்லை. அப்போது அதை அடைக்கிறவர்கள் தலையிலிருந்து கால் வரை மூடின உடுப்பும் முகமூடியுமாக நின்றதைப் பார்த்தேன். அப்பா அதே சரக்கைப் பருத்திக் கோட்டோடு கையாண்டவர். அந்தக் கோட்டை வீட்டில் அம்மா எங்கள் யூனிஃபார்மோடு சேர்த்து ஒரே வாளியில் ஊறவைத்துத் துவைப்பார்.

2016இல் 591 பேருக்கு சமரசத் தொகை கிடைத்தது. அப்பா அதைப் பற்றிப் பேச மாட்டார். நானும் கேட்பதில்லை. வாளி பச்சை நிறம்.

வெட்புளூ

பாலாற்றுக்காரன் அவர்களே, கோபிக்காதீர்கள். மஞ்சள் என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் "டேனரிக் கழிவு" என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? நான் ஆம்பூரில் பதினெட்டு வருஷம் தோல் பதனிட்டவன். நாங்கள் போடுவது பேசிக் குரோம் சல்ஃபேட், அது மூன்று இணைதிறன் குரோமியம். அதில் ஊறி வரும் தோலே நீலமாகத்தான் இருக்கும், அதனால்தான் அதற்கு வெட்புளூ என்று பெயர். எங்கள் ஸ்லட்ஜ், அதாவது கழிவுச் சேறு, சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். மஞ்சள் என்பது ஆறு இணைதிறன், குரோமேட் ஆலைச் சரக்கு. தண்ணீரில் கரைந்து ஓடும், விஷத்திலும் அதுதான் மூத்தது. ராணிப்பேட்டையில் எது மஞ்சளாக ஒழுகினாலும் தோல்காரன் தலையில் கட்டுவது முப்பது வருஷப் பழக்கமாகிவிட்டது.

எங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. பாலாற்றை உப்பாக்கியது நாங்கள்தான். 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது, கெடுத்தவனே செலவையும் ஏற்க வேண்டும் என்றது. சரிதான். ஆனால் 2015 ஜனவரி கடைசியில் ஒரு ராத்திரி ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டி உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தச் சேற்றிலேயே செத்தார்கள். பெரும்பாலும் வங்காளத்துப் பிள்ளைகள். அந்தப் பத்துப் பேருக்காக எந்த ஊர் லாரியை மறித்தது?

என் அனுபவம் சின்னதுதான். நான் வேலை செய்த இடத்திலிருந்து போன லாரியை ஒரு ஊரில் மறித்துவிட்டார்கள் என்று முதலாளி என்னைப் பேசிவிட்டு வரச் சொன்னார். போய்ப் பார்த்தால் அது என் மாமியார் ஊர். முதல் வரிசையில் மாமியார், கையில் துடைப்பம். என்னைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க மாப்ளே, சாப்டீங்களா?" என்றார். துடைப்பத்தைக் கீழே போடவில்லை. லாரியையும் விடவில்லை.

பாலாற்றுக்காரன்

ராத்திரி ஒன்றரை மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் இணைதிறன் பார்க்கத் தெரியவில்லை ஐயா. பச்சையும் மஞ்சளுமாக இருந்தது என்றுதான் எழுதினேன். நானும் என் ஊரும் உங்கள் மேல் வழக்குப் போட வரவில்லை.

ஸ்டோர்ஸ் பெரியவர்

தம்பி, நீங்கள் சாவியை எடுத்தது தப்பு. நோக்கம் நல்லதுதான், ஆனால் நாளைக்கு வழிப்பறி என்று உங்கள் மேலேயே புகார் எழுதுவார்கள். இனி இப்படி மறிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

2016ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளின்படி, ஆலையை விட்டு வெளியே போகும் கழிவோடு ஒரு சீட்டு கூடவே போக வேண்டும். படிவம் 10. ஏழு பிரதி, ஏழு நிறம். வெள்ளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு. மஞ்சள், லாரிக்காரரின் கையெழுத்து வாங்கி அனுப்புகிறவர் வைத்துக்கொள்வது. இளஞ்சிவப்பு, பெற்றுக்கொள்கிற இடத்தில் இருக்கும். ஆரஞ்சு, சரக்கை இறக்கினதற்கு அத்தாட்சியாக லாரிக்காரரிடம் திரும்பும். பச்சை, பெற்றுக்கொண்டவர் வாரியத்துக்கு அனுப்புவது. நீலம் அனுப்பினவருக்கே திரும்பி வரும். சாம்பல் நிறம், வெளிமாநிலத்துக் கழிவாக இருந்தால் அந்த மாநில வாரியத்துக்கு. டிரைவரிடம் படிவம் 9 என்று இன்னொன்றும் இருக்க வேண்டும். சரக்கு என்ன, கசிந்தால், மேலே பட்டால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கும். பீப்பாய், சாக்கு மேல் படிவம் 8 ஒட்டியிருக்க வேண்டும். ஆகவே லாரியை மறித்தால் முதலில் கேட்க வேண்டியது "யாருடா நீ" இல்லை, "சீட்டைக் காட்டு". சீட்டு இல்லையென்றால் அதுவே குற்றம்.

அப்புறம், யாரும் அதைத் தொடக்கூடாது, மோந்து பார்க்கக்கூடாது. நம்பர் பிளேட், கொட்டின இடம், டயர்த் தடம் மூன்றையும் போட்டோ எடுங்கள். வி.ஏ.ஓ.வுக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள், ஒருவர் மேல் ஒருவர் தள்ள முடியாது. மாதிரி எடுக்க வாரியத்து ஆளையே வரச் சொல்லுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலில் நீங்களே பிடித்து வைத்தால் கோர்ட்டில் நிற்காது. ஆலைக்குள் தொண்ணூறு நாள் வரை சேர்த்துவைக்க அனுமதி உண்டு. அதனால் அந்தக் கெடு முடிகிற நேரத்தில்தான் இந்த ராத்திரி லாரிகள் அதிகம் கிளம்பும் என்பது என் அனுமானம்.

வெட்புளூ தம்பிக்கும் ஒன்று. உங்கள் மூன்று இணைதிறனும் எரித்தால் ஆறாக மாறக்கூடும். சாம்பலைப் பார்த்துப் பேசுங்கள்.

என் அனுபவமா? முப்பத்தொரு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தேன். இந்தச் சீட்டில் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீலப் பிரதி திரும்பி வரவில்லையே என்று ஒருநாள் மேனேஜரிடம் கேட்டேன். "வந்தா என்ன, வராட்டி என்ன, பெரியவரே" என்றார். பிறகு நான் கேட்கவில்லை.

உப்பனாறு

கடலூர் சிப்காட் பக்கம். 2004இல் எங்கள் ஊர்க்காரர்களே வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் எழுத வந்தது ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் பற்றி. எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, வழக்கு நடக்கிறது.

கழிவுக் கிடங்கு ஒன்றுக்காகக் கூட்டம். கல்யாண மண்டபத்துக்குள் ஷாமியானா, ஏர்கூலர், வெளியூரிலிருந்து வேனில் வந்த "பொதுமக்கள்". காலையில் அவர்கள் பேசினார்கள், ஆலை வந்தால் வேலை வரும் என்று. பிரியாணி பன்னிரண்டரைக்கு. போன தடவை நாங்கள் செய்த தப்பு, பேசி முடித்துக் கோஷம் போட்டுவிட்டு வெளிநடப்பு செய்தது. விதி என்ன என்றால், கூட்டத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும் என்றே கிடையாது. ஆனால் முடிவில் நடந்ததைத் தொகுத்துத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும், அன்றைக்கே ஆட்சியர் தரப்பில் கையெழுத்தாக வேண்டும். நாங்கள் வெளிநடப்பு செய்த அன்று அதை நாற்காலிகளுக்குத்தான் வாசித்தார்கள்.

இந்த முறை யாரும் எழுந்திருக்கவில்லை. புளிசோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். வேன் ஆட்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நாலரை மணி. அதிகாரி தொகுப்பை வேகமாக வாசித்துக்கொண்டே போனார். "அப்பகுதி மகளிர் வேலைவாய்ப்பில் முன்னுரிமை கோரினர்" என்று ஒரு வரி. பின்னாலிருந்து எங்கள் தெரு அத்தை ஒருத்தி, நாள் முழுக்க வாயே திறக்காதவள், எழுந்தாள்.

"யாரு கேட்டா? நானா? நான் எப்பக் கேட்டேன்? என் பேரச் சொல்லிக் காட்டு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி வாசித்தார். அத்தை அதன் பிறகும் உட்காரவில்லை, கடைசிப் பக்கம் வரை நின்றே கேட்டாள். கிடங்கு இன்னும் வரவில்லை. அதனால்தானா என்று தெரியாது.

மால்வா வாசி

தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்து ஒன்று. மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் வாகன உதிரிபாக ஆலையில் வேலை. போபால் விஷவாயு நடந்த ஆலையின் கழிவு, 337 டன், நாற்பது வருஷம் அங்கேயே கிடந்தது. ஜெர்மனிக்கு அனுப்பும் யோசனை ஒருமுறை வந்து போனது. கடைசியில் உயர் நீதிமன்றம் கெடு வைத்தபிறகு 2025 ஜனவரி 1 ராத்திரி 12 கண்டெய்னர் லாரிகளில், போலீஸ் முன்னும் பின்னுமாக, 250 கிலோமீட்டர் ஓட்டி, எரிப்பதற்காக எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஜனவரி 3 அன்று முழுக் கடையடைப்பு. இரண்டு பேர் தீக்குளிக்க முயன்றார்கள்.

அன்றைக்கு என் வீட்டுக்காரம்மா (வாடகை வீட்டு உரிமையாளர், மராத்தி) வாசலில் உட்கார்ந்து என்னைக் கேட்டார்: "போபால்காரங்களுக்கு இது விஷம்னா எங்களுக்கு மட்டும் எப்படி மருந்தாகும்?" எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் உலையின் வெப்பநிலை, புகை வடிகட்டி என்று என்னென்னவோ விளக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நீ இங்கேயே இருப்பியா, ஊருக்குப் போயிடுவியா?" என்றார்.

ஜூன் மாசக் கடைசியில் எல்லாம் எரித்து முடித்துவிட்டார்கள். மிஞ்சின சாம்பலை எங்கே புதைப்பது என்று அடுத்த வழக்கு. உப்பனாறு, நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன்: எல்லா ஊரும் மறித்தால் லாரி எங்கேதான் போகும்? பாதரசம் அமெரிக்கா போனது, ஏனென்றால் அங்கே எடுத்துக்கொள்ள ஒரு ஆலை இருந்தது. போபாலுக்கு அது அமையவில்லை.

உப்பனாறு

கோபம் இல்லை. உங்கள் வீட்டுக்காரம்மா கேட்டதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே.

மால்வா வாசி

சொல்லவில்லை. மாற்றல் கேட்டிருந்தேன், அவருக்குத் தெரியாது.

மேல்மலை

பாலாற்றுக்காரன், அந்தப் பையனுக்குக் கடைசியில் யாராவது தண்ணீர் கொடுத்தார்களா இல்லையா?

பாலாற்றுக்காரன்

யாராவது கேட்பார்கள் என்று தெரியும்.

கொடுத்தது என் அம்மா. மூன்று மணி வாக்கில், எனக்குத் தெரியாமல், வீட்டிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்து காலில் ஊற்றியிருக்கிறார். உடம்புக்கு ஆகாத கிணற்றுத் தண்ணீர்தான், ஆனாலும் ஊற்றினார். காலையில் அவன் கால் கழுவியிருந்ததைப் பார்த்து விஷயம் தெரிந்ததும், ஊர்க்காரர்கள் எதிரிலேயே அம்மாவைக் கத்தினேன். "லாரிக்காரனுக்குப் போய்…" என்று. அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் பதிவில் அதை எழுதவில்லை. பெரியவரே, படிவ விவரத்துக்கு நன்றி, பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.