சொன்னால் கோபித்துக்கொள்ளும் கீபோட் நண்பரும் சத்தம் கூடிக்கொண்டே போகும் ஒத்திகையும்: என்ன செய்யலாம்?

கேட்டவர்: மஸ்கெலியா கிட்டார்

அனைவருக்கும் வணக்கம். மஸ்கெலியாவுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில், ஒன்றாகப் படித்த ஆறு பேர் சேர்ந்து இசைக்குழு ஒன்றை நடத்தி வருகிறோம். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலை விழா என்று அழைத்த இடத்துக்குப் போகிறோம். கிடைப்பது வான் கூலிக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குமே சரியாகப் போய்விடுவதால் பணத்துக்காக எவரும் இதில் இல்லை. ஆனால் அண்மைக் காலமாக ஒத்திகை என்றாலே எனக்கு அலுப்புத் தட்டுகிறது.

கீபோட் வாசிப்பவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறார். நீண்ட விடுமுறைக்கும் பௌர்ணமி தினத்துக்கும்தான் ஊருக்கு வருவார். அதில் எங்களுக்குக் குறையில்லை. வரும்போது பாடலைக் கேட்டுவிட்டு வருவதில்லை என்பதுதான் குறை. நாங்கள் வாத்தியங்களை இணைத்துவிட்டுக் காத்திருக்க, அவர் அப்போதுதான் கைபேசியைக் காதோடு வைத்து இடையிசையைத் தேடத் தொடங்குவார். பாடகருக்குச் சுருதி எட்டாத பாடலென்றால் டிரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும்) பொத்தானை அழுத்தி இறக்கிக்கொள்வார். அடுத்த பாடலுக்கு அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிடுவார். சென்ற திருவிழாவில் நாங்கள் ஒரு சுருதியிலும் அவர் அதற்குக் கீழேயுமாக அம்மன் பாட்டொன்றின் பல்லவி முழுவதையும் வாசித்து முடித்தோம். முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது மேடையிலிருந்தே தெரிந்தது.

இன்னொரு தொல்லை சத்தம். ஒத்திகை நடக்கும் வாசிகசாலைக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் நான் சற்றுக் கூட்டுவேன், பேட் (மின் தாளவாத்தியம்) வாசிப்பவர் அதைவிடக் கூட்டுவார், கடைசியில் பாடகர் தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கீபோட்டை எல்லோருமாகச் சீட்டுப் போட்டு வாங்கினோம். ஆனால் அது அவர் வீட்டில்தான் இருக்கிறது. சிறு வயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர், என் அம்மாவை அம்மா என்றே அழைப்பவர். அவரிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: பண்டாரவளை ஒலியமைப்பு

தம்பி, உங்கள் நண்பரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சத்தத்தைப் பற்றிச் சொல்லலாம், அதுதான் என் பிழைப்பு. உங்கள் கிட்டார் அம்பிளிபயர் எங்கே இருக்கிறது? தரையில், உங்கள் காலுக்குப் பின்னால் இருக்குமென்றே நினைக்கிறேன். அதன் சத்தம் உங்கள் முழங்காலைக் கடந்து நேரே எதிரில் நிற்பவரின் காதில் போய் அடிக்கிறது. உங்களுக்கோ பாதிதான் கேட்கிறது. அதனால் கூட்டுகிறீர்கள், எதிரில் நிற்பவரும் பதிலுக்குக் கூட்டுகிறார். அதை ஒரு கதிரையின் மேல் வைத்து உங்கள் முகத்தைப் பார்க்கச் சற்றுச் சரித்துவிடுங்கள், நீங்களாகவே குறைத்துவிடுவீர்கள். பாடகரின் மைக் எந்த ஸ்பீக்கரின் வாயையும் பார்த்து நிற்கக் கூடாது. சின்ன மண்டபத்தில் நாலு பக்கமும் சுவரில் மோதித் திரும்பும் சத்தம் மைக்குக்குள் புகுந்தாலே அது கூவத் தொடங்கிவிடும்.

மழைக்கு எதிராக வாசித்து வென்றவர் எவரும் இல்லை. உங்கள் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. எங்கள் ஊவாப் பக்கத்துக்கு ஆண்டு முடிவில்தான் பெருமழை. தகரம் இரைகிறபோது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, கரண்ட் இல்லாமல் பாடகரும் ஒரு கிட்டாரும் மட்டுமாகப் பாட்டின் அமைப்பைச் சரிபார்க்கலாம். காதுக்கும் அதுதான் நல்லது. 85 டெசிபல் என்றால் நாளொன்றுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் கணக்கு; 100 டெசிபலுக்கு அந்தக் கணக்கு 15 நிமிடம்தான். மூடிய அறையில் ஓர் இசைக்குழு 100 டெசிபலைத் தொடுவது பெரிய காரியமல்ல.

மேடையில் பாட்டுக்குப் பாட்டு நின்று தடுமாறுவதால் இன்னொரு நட்டமும் உண்டு. 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவுக்குப் பிறகு, விசேட சந்தர்ப்பங்கள் தவிர, இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. தாமதமாகத் தொடங்கிய குழுவின் கடைசிப் பாட்டுகள் பெட்டிக்குள்ளேயே போய்விடுவதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

பதில்: தலவாக்கலை பாடகி

அண்ணா, உங்கள் பதிவில் பாடகரைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, "சுருதி எட்டாத பாடல்" என்று. எந்தச் சுருதி எட்டும் என்று யாராவது அவரிடம் முன்கூட்டிக் கேட்டிருக்கிறீர்களா? திரைப்படத்தில் பாடியவரின் குரலுக்கு அமைத்த சுருதியில்தான் நம் ஊர்ப் பையனும் பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மேடையில் நின்றுகொண்டு "ஒன்று இறக்கவா, இரண்டு இறக்கவா" என்று கேட்பதைப் போல ஒரு பாடகரை நடுங்க வைப்பது வேறெதுவுமில்லை, அனுபவித்தவள் சொல்கிறேன்.

பொத்தானே தேவைப்படாதபடி சுருதியைத் தேர்ந்தெடுங்கள். டி மேஜரில் உள்ள பாடல் பாடகருக்கு உயரமாக இருந்தால் இரண்டு அரைச்சுரம் இறக்கி சி மேஜரில் வைத்துக்கொள்ளுங்கள்: கீபோட்டில் வெள்ளைக் கட்டைகளே போதும், கிட்டாருக்கும் பழகிய பிடிகள்தான். ஓர் அரைச்சுரம் மட்டும் இறக்கினால் சி ஷார்ப் வந்து நிற்கும். அப்போது நீங்கள் முதற்கட்டையில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி சி மேஜர் பிடிகளைப் பிடிக்கலாம், ஆனால் கீபோட் அண்ணா மீண்டும் அந்தப் பொத்தானைத் தேடுவார். பாட்டின் பெயருக்கு நேரே சுருதியைப் பெரிய எழுத்தில் எழுதி கீபோட்டின் மேல் ஒட்டிவிடுங்கள். நான் பாடும் குழுவில் இதைச் செய்த பிறகு அந்தச் சண்டை நின்றது. (மற்றச் சண்டைகள் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.)

பதில்: ஹட்டன் தப்பு

தங்கச்சி சொன்னது சரி. ஆனால் தம்பி, கொழும்பில் இரவு கடை மூடும்வரை நின்று வேலை செய்கிற பிள்ளை, இருபது பாட்டையும் இடையிசையோடு படித்துக்கொண்டு வருவான் என்று எதிர்பார்ப்பது நியாயமாக எனக்குப் படவில்லை. எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். வெளியூரில் வேலை செய்கிறவர்களும் வேடம் கட்ட வருவார்கள். அவர்களுக்கு எந்தப் பகுதி என்பது முன்னமே முடிவாகியிருக்கும். அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். தப்பு என்ற பறையை அடிக்கிறவர்கள் மட்டும் ஊரிலேயே இருந்து முழுக் கூத்தையும் தாங்குவோம். பனியில் தோல் தளர்ந்தால் தீயில் காட்டி இறுக்கிக்கொண்டு அடிப்போம். கூத்துக்காரர் ஓரடி தவறினாலும் அடி தொடர்ந்து போகும், அவர் வந்து சேர்ந்துகொள்வார்.

உங்கள் குழுவிலும் ஊரில் இருக்கும் ஐவர் கீபோட் இல்லாமலே பாட்டு நிற்கும்படி பழகுங்கள். அவருக்கு ஆறே ஆறு பாட்டு கொடுத்து, எந்த இடையிசை அவருடையது என்பதைக் குரல் பதிவாக முந்தைய கிழமையே வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மீதிப் பாட்டுகளுக்கு அவர் கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) மட்டும் பிடித்தால் போதும். அதற்குப் பிறகும் படிக்காமல் வந்தால், அப்போது பேசுங்கள். எல்லோர் முன்னும் வேண்டாம், பஸ் ஏற்றிவிடப் போகும் வழியில் தனியாகப் பேசுங்கள். வாத்தியக் கணக்கை இதோடு கலக்காதீர்கள். சீட்டில் யார் யார் எவ்வளவு போட்டார்கள், ஒருவர் விலகினால் அவருக்கு என்ன கொடுப்பது என்பதை உறவு நன்றாக இருக்கும்போதே ஒரு கொப்பியில் எழுதி ஆறு பேரும் கையெழுத்து வைத்துவிடுங்கள்.

கேட்டவர்: மஸ்கெலியா கிட்டார்

ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. அம்பிளிபயரைக் கதிரையில் ஏற்றிப் பார்த்தேன். பேட் வாசிப்பவர் தானாகவே குறைத்துவிட்டார், காரணம் கேட்டதற்கு "இன்று உன் கிட்டார் காதைக் குத்தவில்லை" என்றார். பாடகரை உட்கார வைத்துப் பாட்டுப் பாட்டாகச் சுருதி குறித்துக்கொண்டிருக்கிறோம். பாதிக்கு மேல் இறக்க வேண்டியிருக்கிறது. ஆறு பாட்டுப் பட்டியலை அடுத்த பௌர்ணமிக்கு முன் கீபோட் நண்பருக்கு அனுப்புகிறேன். கொப்பி விடயத்தில் பேஸ் வாசிப்பவருக்கு உடன்பாடில்லை, நண்பர்களுக்குள் கையெழுத்து எதற்கு என்கிறார். அதைப் பற்றி இன்னும் பேசி முடியவில்லை.