மறு: ஹெட்டர் கோட்டிங்குக்குத் தமிழ்ல என்ன? (பீங்கான் பூச்சு வேண்டாமே)

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா இழையைப் படிச்சிட்டுதான் இருந்தேன், வேலை ஜாஸ்தி, இப்பதான் உக்கார முடிஞ்சுது. கேள்வி இதுதான்: இன்ஜின் புகையை வெளியேத்தற ஹெட்டர்ங்கற குழாய்க் கூட்டத்துக்குப் பூசற செராமிக் கோட்டிங்கை நம்ம தமிழ்ச் சொல் அட்டவணைல என்னன்னு போடறது?

> செராமிக் என்றால் பீங்கான். ஆகவே பீங்கான் பூச்சு. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்குங்க ஐயா. பீங்கான் பூச்சுன்னு நிஜமாவே ஒண்ணு தனியா இருக்கு, அதான் சிக்கல். பழைய ஜாகுவார் ஈ-டைப் காரோட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜின் புகையைச் சேத்து வெளிய அனுப்பற வார்ப்பிரும்புப் பாகம்) பாருங்க, பாட்டி வீட்டு எனாமல் தட்டு மாதிரியே கண்ணாடித்தூளை உருக்கி ஒட்டவச்சது, தட்டு மாதிரியே அடிபட்டா சில்லு சில்லா பேந்தும் வரும். பீங்கான் பூச்சுங்கற பேரு அதுக்குத்தான் போகணும். (இலங்கை நண்பர்கள்கிட்ட பீங்கான்னா சாப்பிடற கோப்பைதான், அவங்க சிரிப்பாங்க.)

மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட பழைய அமெரிக்க வேகக் கார்) ஹெட்டருக்குப் பூசறது வேற சரக்கு. துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிளாஸ்டிங் பண்ணி (மணல் மாதிரித் துகளை வேகமா அடிச்சு) எடுத்துட்டு, அலுமினியத்தூள் கலந்த செராமிக் குழம்பை உள்ளயும் வெளியயும் ஸ்ப்ரே அடிச்சு, அவன்ங்கற மூடின அடுப்புல வச்சுச் சுட்டு எடுப்பாங்க. பளபளப்பு வேணும்னா அப்புறம் சின்னச் சின்னக் கல்லோட போட்டு உருட்டணும். முலாம்னு ஒருத்தர் சொல்லியிருந்தார், அது குரோமுக்கு மட்டும் இருக்கட்டும், குரோம் அடிச்ச குழாய் சூட்டுல நீலம் பாஞ்சுடும், இது அப்படி ஆகாது. தசை மகிழுந்துன்னு போட்டவர் யாருன்னு கேக்கல, ஆனா எனக்குக் கசாப்புக்கடைதான் ஞாபகம் வருது, மசில் கார்னே விட்டுடுவோம்.

என் கட்சி சுடுபூச்சு. சுடுமண் மாதிரி வினைத்தொகை. சுட்ட பூச்சு, சுடுற பூச்சு, சுடப்போற பூச்சு மூணும் அதுக்குள்ள அடங்கிடும். இது இலக்கண ஜம்பம் இல்லைங்க, கடையில அவன்ல சுட்டது முதல் வகை, டப்பா ஸ்ப்ரே வாங்கி நாமளே அடிக்கறது சுடப்போற வகை, ஏன்னா அதை இன்ஜினை ஓட்டிக் கொஞ்சம் சூடேத்தி ஆறவிட்டு மறுபடி இன்னும் கொஞ்சம் சூடேத்திப் பதப்படுத்தணும், பொறுமை இல்லாம முதல் நாளே மிதிச்சா உரிஞ்சு வந்துடும்.

> வெப்பத்தடுப்புப் பூச்சு என்பதே பொருத்தம்.

அது வேலையைச் சொல்ற பேரு அண்ணா. ஹெட்டர்ல சுத்தற கண்ணாடியிழை நாடாவும் வெப்பத்தைத்தான் தடுக்குது (ஈரத்தைப் பிடிச்சு வச்சு சாதா இரும்புக் குழாயை அரிக்கவும் செய்யும்). பளபள வெள்ளிப் பூச்சு 1300 டிகிரி பாரன்ஹீட் வரைக்கும்தான் தாங்கும், நம்ம கணக்குல 700 செல்சியஸ். அதுக்கு மேலன்னா கருப்பு, சாம்பல் நிற வகைங்க இருக்கு, 2000 பாரன்ஹீட் வரைக்கும் சொல்லி விப்பாங்க. வாங்கறவங்க பலபேர் கண்ணு வெள்ளி மேலதான்.

அதோட வினையை நேர்ல பாத்தேன். இங்க மிச்சிகன்ல பக்கத்து வீட்டுத் தாத்தா 1970 செவல் (செவர்லே கம்பெனி மசில் கார்) வச்சிருக்கார், ஆகஸ்ட்ல நடக்கற உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்ங்கற பழைய கார் ஊர்வலத்துக்கு ஓட்டணும்னு இன்ஜினைப் புதுசா கட்டினார், ஹெட்டரையும் வெள்ளிப் பூச்சு பூசி வாங்கி மாட்டினார். அந்தக் கால வகை கேம்ஷாஃப்டை (வால்வைத் திறக்கற தண்டு) புதுசா போட்டுப் பழக்கணும்னா ஸ்டார்ட் பண்ணதுமே 2000 ஆர்பிஎம்ல இருபது நிமிஷத்துக்குக் குறையாம ஓட்டணும், வண்டி நிக்குது, காத்தே இல்ல, அதுல இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழற நேரம்) வேற பின்தங்கி இருந்திருக்கு, அப்ப பெட்ரோல் பாதி சிலிண்டர்லயும் மீதி குழாய்லயும் எரியும். லைட்டை அணைச்சுப் பாத்தா முதல் வளைவுல நாலு குழாயும் செக்கச்செவேல்னு. மறுநாள் அந்த இடம் மட்டும் திருநீறு பூசின மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு, விரலால தேச்சா மாவு. பூசின கடைல கேட்டா பழைய ஹெட்டரை மாட்டிப் பழக்கிட்டு அப்புறம்தானே இதை மாட்டணும்னாங்க, ரசீதுக்குப் பின்னாடி பொடி எழுத்துல அதுவும் இருந்துச்சு. தமிழ்க் குறிப்புல இந்த ஒரு வரியைக் கொட்டை எழுத்துல போடுங்க, பேரு என்னவா வேணா இருக்கட்டும்.

அப்புறம் ஹெட்டருக்கு கூடுகுழல் சரியா வரும். கம்பெனி போட்ட வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு வேற, இதுல ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், கடைசியில ஒண்ணா சேரும். சேர்ற இடத்துக்கு (இங்கிலீஷ்ல கலெக்டர்) கூடுதுறை, பவானியில ஆறு சேர்ற மாதிரி. கலெக்டர்னு அப்படியே எழுதினா மாவட்ட ஆட்சியர் வண்டிக்கு அடியில என்ன பண்றார்னு கேப்பாங்க.

———

> சுடுமண் மாதிரி வினைத்தொகை.

தம்பி, சுடுநீரும் அப்படித்தானே? சுடுபூச்சுன்னா கொதிக்கக் கொதிக்கப் பூசறதுன்னு எங்க பட்டறைப் பசங்க நினைப்பாங்க, ஏன்னா உருகின துத்தநாகத்துல முக்கி எடுக்கற கால்வனைசிங் அவங்களுக்குத் தெரியும். சூளைப்பூச்சுன்னா என்ன குறை? வேகவச்சு எடுக்கறதுன்னு சட்டுனு புரியும்.

———

அண்ணா, சூளை அழகாத்தான் இருக்கு. ஆனா இந்த அவன் 300 செல்சியஸ் சொச்சம்தான், பேக்கரி அடுப்பைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. நிஜமா சூளை கணக்குல 800ஐ ஒட்டி வேகறது அந்த எனாமல்தான், சூளைப்பூச்சுன்னா மறுபடி பீங்கான்கிட்டயே போய் நிப்போம். துத்தநாகத்துக்கு முக்குப்பூச்சுன்னு வச்சுட்டா உங்க பசங்க குழப்பமும் தீரும், அவங்க முக்கத்தானே செய்யறாங்க. பட்டறைல ஒரு வாரம் ரெண்டையும் சொல்லிப் பாருங்களேன், எது வாய்ல ஒட்டுதுன்னு. அதுவரைக்கும் அட்டவணைல சுடுபூச்சு பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டு வைக்கறேன், கூடுதுறைக்கு மட்டும் போட மாட்டேன்.