எம்பூஷர்: உதட்டமைவா, உதட்டுக்கட்டா?

அன்பர்களுக்கு வணக்கம்.

டிரம்பெட் போன்ற கருவியை ஊதுபவர் உதட்டையும் வாயையும் வைத்துக்கொள்ளும் விதத்தை ஆங்கிலத்தில் எம்பூஷர் (embouchure) என்கிறார்கள். நம் கலைச்சொற் பட்டியலில் அதற்கு ‘உதட்டமைவு’ என்ற சொல்லை ஐயா முன்வைத்திருக்கிறார். ஓசையைத் தருவது கருவிதானே, வாயை வைத்துக்கொள்ளும் விதத்துக்குத் தனிக் கலைச்சொல் எதற்கு என்று இன்னொரு அன்பர் கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ஒலி பிறப்பதில் உதட்டுக்கு என்ன வேலை என்று முதலில் பார்த்துவிட்டால், சொல்லைப் பற்றிப் பேசுவது சுலபம்.

வழக்கமான பி-பிளாட் சுருதி டிரம்பெட்டின் குழல் நீளம் ஏறத்தாழ 1.48 மீட்டர். நடுப்பகுதியில் சுமார் 11.7 மில்லிமீட்டர் உள்விட்டத்தில் ஒரே சீராக ஓடி, கடைசியில் விரிந்து 12 சென்டிமீட்டர் அகலத்தில் திறக்கிறது. அந்த விரிந்த வாய்க்கு நாகசுரக்காரர்களின் ‘அணசு’ கைவசம் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால் இந்தக் குழலுக்குள் இருக்கும் காற்று விநாடிக்கு ஏறத்தாழ 233, 350, 466, 583, 699 முறை என்ற படிகளில்தான் நன்றாக அதிரும். இந்தப் படிகளைத் தருவது கருவி. எந்தப் படியில் நிற்பது, அங்கே நின்றுகொண்டே சுருதியைச் சற்று இறக்குவதா ஏற்றுவதா என்பதெல்லாம் உதட்டின் வேலை.

நாகசுரத்தில் அதிர்வது சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. சரியில்லை என்றால் கழற்றிவிட்டு வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். டிரம்பெட்டில் சீவாளியே கிடையாது, ஊதுபவரின் உதடுதான் அதிர்கிறது. 466 என்ற படியில் ஒரு சுரம் ஒலிக்கும்போது உதடுகளும் விநாடிக்கு 466 முறை திறந்து மூடுகின்றன. ஆகவே கடையில் வாங்கிவரும் பித்தளைக் குழலை முழு வாத்தியம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதன் அதிரும் உறுப்பு மனிதரின் முகத்தில் இருக்கிறது.

சுரம் தொடங்கும் கணத்தைக் கவனியுங்கள். உதட்டிலிருந்து புறப்படும் அழுத்த அலை அணசு வரை போய், அங்கே ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்பி வர ஏறத்தாழ 8.6 மில்லிவிநாடி பிடிக்கும். 466 அதிர்வுள்ள சுரத்தில் அதற்குள் உதடு நான்கு முறை அதிர்ந்து முடித்திருக்கும். அதாவது முதல் நான்கு அதிர்வுகளுக்குக் குழலிலிருந்து எந்த உதவியும் வராது. எந்த சுரம் வேண்டும் என்பதை உதடு முன்கூட்டியே ‘அறிந்து’ அந்த இறுக்கத்தில் நின்றிருக்க வேண்டும். எதிரொலி வந்த பிறகுதான் காற்றும் உதடும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு சுரத்தை நிலைநிறுத்துகின்றன. உச்சத்தில் இது இன்னும் கடினம். சுமார் 1,500 அதிர்வுக்கு மேல் அணசு அலையை அவ்வளவாகத் திருப்பி அனுப்புவதில்லை, பெரும்பகுதி வெளியே போய்விடுகிறது. உயர்ந்த சுரங்களை எடுக்கப் பலர் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

கருவிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். டிரம்பெட்டின் உறவுக் கருவியான பி-பிளாட் ஃபுளூகல்ஹார்னின் குழல் நீளமும் ஏறத்தாழ இதேதான். ஒரே ஆள் இரண்டையும் அடுத்தடுத்து ஊதினாலும், குழல் கூம்பாக விரிந்துகொண்டே போகும் ஃபுளூகல்ஹார்ன் மெத்தென்று ஒலிக்கும், டிரம்பெட் கணீரென்று வெட்டும். சீரான குழலுக்குள் பலத்த அலை நகர நகரக் கூர்மையாகிறது. அந்தக் கூர்மைதான் உரத்து ஊதும்போது கேட்கும் பித்தளைத்தனம். உதட்டில் வைத்து ஊதும் ஊதுமுனையின் (மவுத்பீஸ்) கிண்ணம் ஆழம் குறைந்தால் ஒலி பளிச்சென்று ஆகும், ஆழம் கூடினால் இருண்டு வரும். அதன் விளிம்பை உள்ளங்கையில் தட்டினால் ‘பொக்’ என்று ஒரு ஓசை வருமே, அதன் சுருதியை வைத்தே அந்த ஊதுமுனை குழலின் எந்தப் படிகளுக்கு வலுக்கூட்டும் என்று ஓரளவு கணிக்கலாம். ஊதுமுனையின் இந்தப் பங்கை அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் பெனேட் 1970-களிலேயே விரிவாக விளக்கியிருக்கிறார்.

உலோகத்தின் பங்கு இவ்வளவு பெரிதல்ல. அணசின் அதிர்வு ஒலியில் சிறு மாற்றம் செய்கிறது என்பது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. ஆனாலும் குழலின் வடிவமும் ஊதுமுனையும் செய்வதோடு ஒப்பிட்டால் அது சிறிது.

இனி ஊதுபவர். ஜாஸ் டிரம்பெட் கலைஞர்கள் மைல்ஸ் டேவிஸ், டிஸ்ஸி கில்லெஸ்பி, சேட் பேக்கர் மூவரும் மார்ட்டின் கம்பெனியின் ‘கமிட்டி’ மாடலை ஊதியிருக்கிறார்கள். மூவரின் ஒலியையும் ஒருமுறை கேட்டவர் பிறகு குழப்பிக்கொள்ள மாட்டார். 1953-இல் ஒரு விருந்தில் யாரோ மேலே விழுந்து கில்லெஸ்பியின் டிரம்பெட் வளைந்துபோனது. அந்த ஒலி பிடித்துப்போய், பிறகு அணசை மேல்நோக்கி வளைத்தே செய்து வாங்கினார். வளைந்த டிரம்பெட்டிலும் கேட்டது அதே கில்லெஸ்பிதான். சேட் பேக்கரின் கதை வேறு. 1966-இல் தாக்கப்பட்டு அவருடைய வாயில் பலத்த அடி. பற்களை இழந்து, பல்செட் வைத்துக்கொண்டு, ஊதுவதைத் தொடக்கத்திலிருந்து பழகித்தான் 1970-களில் மேடைக்குத் திரும்பினார். டிரம்பெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பேக்கரிடம் அன்று ஒலி இல்லை. தனிச்சொல் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

‘உதட்டமைவு’ எனக்கு ஏன் போதவில்லை என்பதும் இங்கேதான் வருகிறது. அமைவு என்றால் ஒன்று அமைந்து கிடக்கும் நிலை. எம்பூஷர் கிடக்கும் நிலையல்ல. வாயைச் சுற்றியுள்ள தசைகள், தாடை, பின்னால் தாங்கும் பல் எல்லாம் சேர்ந்து நொடிக்கு நொடி உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் பிடித்திருக்கும் செயல். வருடக்கணக்கில் பழகி வருவது, கெட்டும் போவது. அதற்கு ‘உதட்டுக்கட்டு’ என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. உடற்கட்டு என்கிறோம், கட்டுக்குலையாமல் என்கிறோம். அந்தக் ‘கட்டு’ பயிற்சியையும் உறுதியையும் சேர்த்தே சொல்கிறது. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘இரண்டு மணி நேரம் ஊதியதில் உதட்டுக்கட்டு தளர்ந்துவிட்டது’, ‘பல் போனபின் புது உதட்டுக்கட்டு பழகினார்’. ‘உதட்டமைவு தளர்ந்தது’ என்றால் இடறுகிறது.

பல்லும் தாடையும் உண்டென்றால் ‘வாய்க்கட்டு’ என்றே வைக்கலாமே என்று கேட்கலாம். அது பத்தியத்துக்கும், மந்திரத்தால் வாயைக் கட்டுவதற்கும் ஏற்கெனவே போய்விட்ட சொல். ‘உதட்டுப்பிடிப்பு’ என்றால் தசைப்பிடிப்பு நினைவுக்கு வரும், ஊதுபவர்கள் அஞ்சுவதே அதற்குத்தான்.

இன்னொன்று. அதிரும் உதட்டையே சீவாளியின் இடத்தில் வைத்து ஒலியியலார் பேசும்போது அதற்கு ‘உதட்டுச்சீவாளி’ என்று தனியாக ஒரு சொல் வேண்டும். ஊதும் அழுத்தம் கூடினால் நாகசுரச் சீவாளி மூடப் பார்க்கும், உதடு திறக்கப் பார்க்கும் என்பது வேறுபாடுதான். அதிர்ந்து காற்றை வெட்டி வெட்டி விடும் வேலை இரண்டுக்கும் பொது என்பதால் பெயர் பொருந்தும். இரண்டு சொற்களும் தனித்தனியே வேண்டும் என்பதற்குப் புல்லாங்குழலே காரணம். அங்கே உதடு அதிர்வதில்லை, ஆகவே உதட்டுச்சீவாளி கிடையாது. உதட்டுக்கட்டு நிச்சயம் உண்டு. ஊதும் துளையையும் சில மொழிகளில் எம்பூஷர் என்றே சொல்வதால் வரும் குழப்பம் நமக்கு இல்லை, அதற்கு ‘முத்திரைத் துளை’ இருக்கிறது.

பட்டியலில் சேர்க்க என் வரைவு:

உதட்டுக்கட்டு: ஊதுகருவி இசைப்பவர், உதடுகளையும் அவற்றைத் தாங்கும் முகத்தசை, தாடை, பற்களையும் சுரத்துக்கேற்ப இயக்கிப் பிடிக்கும் பயின்ற முறை.

உதட்டுச்சீவாளி: டிரம்பெட், டிரம்போன், கொம்பு, எக்காளம் போன்றவற்றில் ஒலியின் மூலமாக அதிரும் உதடுகள்.

‘பயின்ற முறை’ என்பதை விட்டுவிட்டு ‘முறை’ என்று மட்டும் போடலாமா என்பதில் ஐயாவின் கருத்தை அறிய விரும்புகிறேன். என்னைக் கேட்டால் ‘பயின்ற’ இருக்கட்டும்.