பாத்திக்கா, பாட்டிக்கா?

அம்மா ஒருவர்:
முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத என் மகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தோம், உள்காதில் மின்முனைகளைப் பொருத்தி ஒலியை நரம்புக்குக் கடத்தும் கருவி அது. ஸ்விட்ச் ஆன் செய்ததும் சிரிப்பாள் என்று சொந்தபந்தமெல்லாம் போனில் காத்திருந்தது. அவளோ வீறிட்டு அழுது, தலையில் காந்தத்தால் ஒட்டியிருந்த வெளிப்பகுதியான காயிலைப் பிடுங்கி எறிந்தாள். அது சகஜம்தானாம்.

இப்போது காலையில் கருவியை மாட்டியதும் லிங் சோதனை, ஆறு ஒலிகளும் காதில் விழுகிறதா என்று பார்ப்பது. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று வாயை மறைத்துக்கொண்டு, வரிசை மாற்றி, ஒவ்வொன்றாகச் சொல்வேன். காதில் விழுந்தால் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை போடுவாள். ஒருநாள் ‘ஸ்’ சொன்னபோது கொட்டையோடு கை அப்படியே நின்றது. மைக்கின் மேல்மூடியில் அழுக்கு அடைத்திருந்தது. மாற்றியதும் டொக்கென்று விழுந்தது.

ஆனால் சத்தம் விழுவது வேறு, சொல் பிடிபடுவது வேறு. கல்–கால், பல்–பால் சீக்கிரமே வந்துவிட்டது. குறில் நெடில் நீளத்தை இம்ப்ளான்ட் நன்றாகவே கடத்தும் என்றார் ஆடியாலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர். நாக்கு பல்லில் படுகிறதா, மேலே மடங்குகிறதா என்பதுதான் கஷ்டம். அந்த நுணுக்கத்தை எங்கள் மாடலில் 22 மின்முனைகள்தான் சுமக்க வேண்டும். ஒன்றின் மின்னோட்டம் பக்கத்து முனையின் இடத்துக்கும் கசியும். “கீரைப் பாத்திக்குத் தண்ணி ஊத்து” என்றேன். டம்ளரில் தண்ணீர் மொண்டு நேரே பாட்டியிடம் போய் நீட்டினாள். அத்தையும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடித்துவிட்டார்!

சிறப்பாசிரியர்:
அக்கா, அமைதியான அறையில் பாத்தியும் பாட்டியும் பிரிந்தபின், ஃபேன் ஓடும்போதும் சொல்லிப் பாருங்கள். வகுப்பில் அதுதான் நிலைமை. “புரிஞ்சுதா?” என்று கேட்டால் இந்தக் குழந்தைகள் தலையாட்டிவிடுவார்கள். நான் அப்படிக் கேட்பதே இல்லை, “நான் என்ன சொன்னேன்?” என்பேன். ஆசிரியர் சட்டையில் குத்தும், குரலை நேரே குழந்தையின் கருவிக்கு அனுப்பும் ரிமோட் மைக் கிடைத்தால் பாதிச் சண்டை தீரும். கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் நடத்துகிறவர்களைத்தான் திருத்த முடியவில்லை.

அப்பா ஒருவர்:
இம்ப்ளான்ட் வைத்த என் பையனுக்குப் பேச்சு நன்றாகவே பிடிபடுகிறது, பாட்டுதான் வேறு மாதிரி. தாளத்தை விடமாட்டான், தொடையில் சரியாகத் தட்டுவான். வரிகளை எடுத்துவிட்டு வெறும் மெட்டை வாசித்தால் எந்தப் பாட்டு என்று தெரியாது. ஒரே தாளத்தில் இரண்டு மெட்டு வாசித்தால் இரண்டும் ஒன்றுதான் என்கிறான்.