பழத்தின் மேல் பூசிய பாகு நொறுங்காமல் பல்லில் ஒட்டுகிறது, உதவுங்கள்

கேள்வி (திருவான்மியூரிலிருந்து):
சீனாவின் தாங்ஹூலு போல, திராட்சையைக் குச்சியில் கோத்துப் பாகில் முக்கி எடுக்கப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளின் பிறந்தநாள். அவள் கேட்டது இது ஒன்றைத்தான். மூன்று முறை செய்தும் சரியாக வரவில்லை.

அளவு ஒரு தம்ளர் சர்க்கரைக்கு அரைத் தம்ளர் தண்ணீர். முதல் முறை உருண்டைப் பதத்தில் இறக்கினேன். ஜவ்வு மிட்டாய் போலப் பல்லைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் முறை அடிப்பிடிக்குமோ என்று கிளறிக்கொண்டே இருந்தேன். பாகு வெள்ளையாகப் பூத்துச் சர்க்கரையாகவே திரும்பிவிட்டது. மூன்றாம் முறை ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டேன். கடித்தால் நொறுங்கியது, ஆனால் கால் மணி நேரத்தில் கசிந்துவிட்டது. ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். வீட்டில் வெப்பமானி இல்லை.

பதில் (கோவில்பட்டியிலிருந்து):
சகோதரி, உருண்டைப் பதம் இதற்குப் போதாது. கடலை மிட்டாய்க்குப் பாகு பார்ப்பது போலப் பாருங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு, இறுகியதும் எடுத்து எவர்சில்வர் தட்டில் போட்டால் 'டங்' என்று கேட்க வேண்டும். வளைத்தால் வளையாமல் 'படக்' என்று முறிய வேண்டும். வெப்பமானி இருந்தால் 150 டிகிரி செல்சியஸ் காட்டும். அப்போது பாகில் தண்ணீர் நூற்றுக்கு ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். 160 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறிக் கசக்கத் தொடங்கும். அதனால் கடைசி ஒரு நிமிடம் அடுப்பைவிட்டு நகராதீர்கள்.

சர்க்கரை கரைந்த பிறகு கரண்டியே கூடாது. பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு மணி சர்க்கரை உள்ளே விழுந்தாலும் பாகு முழுவதும் பூத்துவிடும். நனைத்த தூரிகையால் ஓரத்தைத் துடைத்துவிடுங்கள்.

பதில் (பெய்ஜிங்கில் சில ஆண்டுகள் வசித்தவர்):
உங்கள் மூன்றாவது முயற்சி ஏறக்குறைய சரிதான், அக்கா. எலுமிச்சைதான் அதிகம். புளிப்பு சர்க்கரையை உடைத்துப் பூக்கவிடாமல் காக்கும். ஆனால் அப்படி உடைந்த சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். நான்கைந்து சொட்டு போதும்.

தாங்ஹூலு வடசீனாவின் குளிர்காலத் தின்பண்டம். உறையும் குளிரில், வறண்ட காற்றில் விற்பதால் பாகு கசிவதில்லை. அங்கே வழக்கமாகக் கோப்பது ஷான்ஜா என்ற சிவந்த, புளிப்பான சிறு பழம். திராட்சை அளவுக்கு அதில் சாறு இல்லை. கடற்கரை ஓரத்தில் அந்த வறட்சி கிடைக்காது. ஏசி ஓடும் அறையில் செய்யுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்ததும் பண்டத்தின் மேல் நீர் வியர்க்கும், பாகைக் கரைப்பது அதுதான். பழத்தையும் முன்பே வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் துணியால் துடைத்து, காம்பு இருந்த குழிவரை உலரவிடுங்கள். நறுக்கிய பழம் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
இன்று மாலை மறுபடி செய்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் 'டங்' கேட்டது! பாத்திரத்தைச் சாய்த்து, ஒவ்வொரு குச்சியையும் ஒரே சுற்றில் உருட்டி எடுத்து, மிஞ்சிய பாகை உதறி, வெண்ணெய்த் தாளில் வைத்தேன். பாகு அவ்வளவு மெல்லியதாகப் படிந்ததில் திராட்சையின் நரம்புகூடத் தெரிந்தது. மகள் கடித்த சத்தம் அடுத்த அறைவரை கேட்டது. முக்கால் மணி நேரம் அப்படியே நின்றது. பிறந்தநாளன்று முன்கூட்டியே செய்து வைக்கலாமா?

பதில் (கோவில்பட்டியிலிருந்து):
வேண்டாம். பழத்தைக் கோத்துத் தயாராக வைத்துக்கொண்டு, பிள்ளைகள் வந்த பிறகு பாகு காய்ச்சுங்கள். அவர்களை அடுப்பங்கரைப் பக்கம் விடாதீர்கள். பாகு தோலில் ஒட்டினால் கொதிநீரைவிட ஆழமாகச் சுடும். பட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும். பாத்திரத்தைச் சுரண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் தானே கரைந்துவிடும். குழந்தைக்கு எங்கள் வாழ்த்துகள்.